ராவன்விக் சிலையின் இடுப்பளவு

இது எனக்கு நடந்தது. நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ராவன்விக் என்ற எங்கள் வடகடலோர ஊரின் அருங்காட்சியகத்தில், ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். பொருளை அளப்பேன், எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன். கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை. அன்று நான் எழுதிய தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. 2019 நவம்பர் 21, வியாழக்கிழமை.

எங்கள் துறைமுகத்தில் ஒரு வெண்கலப் பெண் நிற்கிறாள். தலையில் துணி, தோளில் சால்வை, கடலைப் பார்த்த முகம். 1931 பிப்ரவரிப் புயலில் பத்தொன்பது மீனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் நினைவாக அதே வருடம் அக்டோபரில் வைத்த சிலை. ஊரில் எல்லோரும் அவளைக் 'காத்திருப்பவள்' என்போம்.

அவளுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று ஐஸ்லாந்தில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில். இன்னொன்று அமெரிக்காவில், இங்கிருந்து போய்க் குடியேறியவர்களின் ஊரில். புதுப் படகு நிலையத்துக்காக மூன்றாவது பிரதி ஒன்றை வார்ப்பதென்று நகரசபை முடிவு செய்தது. அதற்கு முன் சிலையின் முழு வரலாற்றையும் எல்லாப் பிரதிகளின் அளவையும் தொகுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு ஊர்க்காரர்களும் அளவு அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்துச் சிலையை நானே அளந்தேன். மூன்றும் அச்சு அசலாக ஒன்றுதான். இடுப்பு மூன்றிலும் 81 சென்டிமீட்டர். படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. 'மாதிரியாக நின்றவர் பெயர்'. சிற்பியின் குறிப்புகளில் அது இல்லை. ஊரில் யாருக்கும் தெரியவும் இல்லை.

சிற்பி முதலில் செய்த பிளாஸ்டர் உருவத்தை அளப்பது மட்டும் மீதி இருந்தது. எல்லா வெண்கலமும் அதிலிருந்து வார்த்ததுதான். சிற்பியின் அண்ணன் மகன் ஆஸ்முண்ட், எழுபத்தொன்பது வயது, தன் பழைய வலைக் கிடங்கின் மாடியில் அதை வைத்திருந்தார்.

"இத்தன வருஷம் கழிச்சு இவளத் தேடி ஒரு ஆளு! மேல போ யோரூன். ஓடிப் போயிர மாட்டா" என்றார்.

"நீங்க வரலையா?"

"என் முட்டி வராது. வீட்ல காப்பி போட்டு வைக்கிறேன். வாஃபிளும் இருக்கு. ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்னத் திட்டாத."

முற்றத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனார். நான் ஏறினேன். மணி 3.05. பதினான்கு படிகள். ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது.

ஒரே ஒரு சின்ன ஜன்னல். வெளியே ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. நவம்பரில் எங்களுக்கு நான்கு மணிக்கெல்லாம் இரவுதான். டார்ச்சை ஓர் ஆணியில் மாட்டினேன். மூலையில், பழைய வலைக் குவியல்களுக்கு நடுவே அவள் நின்றாள். வெள்ளையாக. வெண்கலத்தில் கம்பீரமாகத் தெரிந்த முகம் இங்கே வெறும் களைத்த முகமாக இருந்தது. சின்னப் பெண். இருபது வயதுகூட இருக்காது போலிருந்தது.

உயரம் 172. தோள் 46. எழுதிக்கொண்டேன்.

3.22. இடுப்பு.

சிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. பின்னால் போக வழியில்லை. டேப்பின் நுனியை இடது கையால் பின்பக்கம் நீட்டினேன். வலது கையை மறுபக்கம் சுற்றித் துழாவினேன். இரு பக்கமும் வலைக் குவியல் தடுத்தது, எட்டவில்லை. டேப் கீழே விழுந்தது.

மறுபடியும். விழுந்தது.

மூன்றாவது முறை அது விழவில்லை. என் விரலிலிருந்து நுனியை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நொடி அது என் வலது கைக்கு வந்தது. என்னைத் தொட்ட விரல்கள் சில்லென்று இருந்தன. குளிர்காலம்தானே.

"முட்டி வலியோட எதுக்கு ஏறி வந்தீங்க? தேங்க்ஸ்" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. கனமாக, படியேறி இளைத்தவர் மூச்சு மாதிரி. நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

டேப்பை இழுத்துப் பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன்.

94.

தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். டேப் எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை. ஆனால் முன்பக்கம் அது பிளாஸ்டரைத் தொடவே இல்லை. நடுவில் என் நான்கு விரல் நுழையும் அளவு வெறும் இடம். அப்படியானால் டேப் தொய்ந்து தொங்க வேண்டும்.

தொங்கவில்லை. இழுபட்டு நின்றது. எதையோ சுற்றி...

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்முண்ட் ஏறி வந்திருந்தால் படி கிறீச்சிட்டிருக்க வேண்டும். அதோடு, அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் அவர் எப்படிப் போனார்?

டேப் அசைந்தது.

உள்ளேயிருந்து வெளியே. ஒரு சின்ன உந்தல்.

நின்றது.

மறுபடியும் ஒன்று. கொஞ்சம் கீழே.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த அசைவு எனக்குத் தெரியும்.

"யோரூன்! காப்பி ஆறுது!"

ஆஸ்முண்டின் குரல். முற்றத்துக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டு வாசலிலிருந்து...

சிலைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். இளம் பெண்ணின் குரல். மிக மெதுவாக.

"சரியா எழுதிக்கோங்க."

நான் ஓடவில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்கே தெரியாது. தாளில் 94 என்று எழுதினேன். எழுதி முடித்ததும் டேப் தானாகத் தளர்ந்து தரையில் விழுந்தது.

சிலைக்குப் பின்னால் யாரோ அழுதார்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்களே... அப்படி.

மணி 3.31.

இறங்கிப் போய் ஆஸ்முண்டின் எதிரே உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"மேல யாராவது இருக்காங்களா?"

"நானும் எலியும்தான் இங்க குடித்தனம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "எங்க அப்பா அந்த மாடிக்குப் போகவே மாட்டாரு. ஏன்னு கேட்டா பேச்ச மாத்திருவாரு" என்றார்.

மறுநாள் காலை உடன் வேலை பார்க்கும் ஐவிந்தைக் கூட்டிக்கொண்டு போனேன். வலைகளை நகர்த்தி, சிலையை முன்னால் இழுத்து அளந்தோம். 81. மூன்று முறை அளந்தோம். 81தான். ஐவிந்த் டார்ச்சை வயிற்றுப் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான்.

"இங்க பாருங்க. யாரோ அரத்தால ராவியிருக்காங்க. மத்த எடமெல்லாம் வழவழன்னு இருக்கு. இது மட்டும் சொரசொரப்பா இருக்கு."

நெஞ்சுக்குக் கீழே தொடங்கி மடி வரைக்கும் அந்தக் கீறல்கள். மேலே வெள்ளை பூசி மறைத்திருந்தார்கள்.

காரணம் ஜனவரியில் கிடைத்தது. நினைவுச் சிலைக் குழுவின் கூட்டக் குறிப்பேடு தேவாலயத்து அலமாரியில் இருந்தது. 1931 ஆகஸ்ட் மாதத்துப் பக்கம். நான் படியெடுத்த வரிகள் இவை:

'மாதிரியாக நின்ற ஹெர்போர்க், வயது பத்தொன்பது, மணமாகாதவள். அவளுடைய நிலை சிலையில் தெரிவது ஊருக்கு இழுக்கு. இடுப்புச் சுற்றளவில் பதின்மூன்று சென்டிமீட்டர் குறைத்துத்தரச் சிற்பி சம்மதித்துள்ளார். அவள் பெயர் எங்கும் குறிக்கப்பட மாட்டாது.'

அவளுக்கு நிச்சயித்திருந்தவன் புயலில் போன பத்தொன்பது பேரில் ஒருவன். ஈஸ்டருக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

நகரசபைக் கூட்டத்தில் இதை வாசித்தேன். புதுப் பிரதியையாவது அவள் நின்றபடியே செய்யுங்கள் என்று கேட்டேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஊர் ஜனங்களுக்குப் பழகின உருவம் யோரூன். இப்போ போய் மாத்தினா எப்படி?"

81ஆகவே வார்த்தார்கள். பீடத்தில் பெயரை மட்டும் பொறித்தார்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பிளாஸ்டர் சிலையை ஆஸ்முண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பக்கத்தில் நான் தனியாக நிற்பதில்லை. பயத்தால் அல்ல. நின்றால் அழுகை வந்துவிடும்.

தேவாலயத்து மரணப் பதிவேட்டைக் கடைசியில்தான் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் அந்தக் கூட்டத்தில் என்னால் பேசியிருக்க முடியாது.

1931 அக்டோபர் 8, வியாழக்கிழமை, ஹெர்போர்க் வீட்டை விட்டு வெளியே போனாள். அன்று இரவே துறைமுகத்துத் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும் என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். நிறைமாதம். 14ஆம் தேதி காலையில்தான் உடல் கிடைத்தது. கப்பல் துறையின் பலகைகளைத் தாங்கும் மரத்தூண்களுக்கு நடுவே சால்வை சிக்கிக்கொண்டிருந்ததாம்.

சிலை திறப்பு விழா 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அன்று எடுத்த புகைப்படம் எங்களிடம் இருக்கிறது. கொடிகள், பேண்டு வாத்தியக்காரர்கள், தொப்பியைக் கையில் பிடித்த ஆண்கள், பூங்கொத்தோடு குழந்தைகள். கிட்டத்தட்ட முந்நூறு பேர் அந்தத் துறையின் பலகைகள் மேல் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எல்லோரும் சிலையை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அவர்கள் காலுக்குக் கீழேதான், தண்ணீருக்குள், அவள் இருந்தாள்...

குழந்தையோடு.