எட்டுக் குழாயோடு ஏற்காடு போன கதை

ஏற்காட்டுக்கு எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று இந்த வலைப்பக்கத்தில் கேட்டவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. நான் அந்த மலைக்கு முதன்முதலில் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. 1996 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, தோள்பையில் ரத்தம் எடுக்கிற எட்டுச் சோதனைக் குழாய்களோடு போனேன். ஏரியில் படகுக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஏரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எங்கள் வார்டில் அருள்தாஸ் என்று பத்தொன்பது வயதுப் பையன் படுத்திருந்தான். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிற குடும்பம். அவனுடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது. வாரம் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அவன் பிழைக்க, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையை எடுத்து அவனுக்குச் செலுத்த வேண்டும். செலவுக்கு அவர்கள் ஊர்ப் பங்குச் சாமியாரும் எங்கள் வார்டு டாக்டரம்மாவும் எப்படியோ வழி பண்ணிவிட்டார்கள். ஆள்தான் வேண்டும். கூடப்பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கூடவே இருந்த அப்பா சவரிமுத்து, படிவத்தில் ‘உடன்பிறந்தவர்கள்: இரண்டு’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த இரண்டு பேராலும் சென்னைக்கு வர முடியவில்லை. அக்கா ஜெயமேரிக்குப் பிரசவம் ஆகிப் பதினெட்டு நாள். அண்ணன் செல்வராஜுக்குப் பழம் பறிக்கிற சீசன். வீட்டில் சம்பாதிக்கிற ஆண்பிள்ளை அப்போது அவன் ஒருவன்தான். இந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கடிதம் போவது வழக்கம். பதில் இல்லை என்றால் ஃபைல் மெதுவாக அடியில் போய்விடும். அப்படி அடியில் போன ஃபைல்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் தெரியும். “அவங்க வர முடியலேன்னா நீ போ. ரத்தத்துக்குக் கால் இல்ல, உனக்கு இருக்கு” என்றார். எனக்கு மலைப்பாதை ஆகாது என்பதைச் சொல்ல நேரமே தரவில்லை.

அந்தக் காலத்துப் பரிசோதனைக்கு வெள்ளணுக்கள் உயிரோடு வேண்டும். எடுத்த ரத்தம் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது, அதிகக் குளிரும் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க அம்மா, கூடவே அக்கா, அண்ணன், மூன்று பேருக்கும் தலைக்கு இரண்டு குழாய். உடைந்தால் ஆகட்டும் என்று கூடுதலாக இரண்டு.

ரயில் சேலம் ஜங்ஷனில் காலை ஐந்து பத்துக்கு நின்றது. டவுன் பஸ் பிடித்து பஸ் ஸ்டாண்ட் போய், ஆறேகால் ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிக்கெட் ஆறு ரூபாய். முப்பத்தொரு கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பார்கள். என் வயிறு பதினாலாவதில் தோற்றது. கண்டக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, “மோந்துக்கிட்டே வாங்க, இன்னும் ஆறுதானுங்க” என்றார். அந்த ஆறு எனக்கு அறுபது. ஏழு முப்பத்தைந்துக்கு ஏற்காடு. பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு காப்பி குடித்ததும் உலகத்தை மன்னித்துவிட்டேன். நம் ஊரில் காப்பி என்று எதைக் குடிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நாகலூர் பஸ் எட்டு இருபதுக்கு. இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே சிவக்கச் சிவக்கக் காப்பிப் பழம். ஆனால் செடிகளுக்கு நடுவில் ஒரு தலை கூடத் தெரியவில்லை. சீசனில் எஸ்டேட் இப்படிக் காலியாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டே வளைவு திரும்பினேன். எல்லோரும் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் நின்றார்கள்.

ஒருவர் இருவர் இல்லை, அறுபத்து மூன்று பேர். தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி, பழம் நிறுக்கிற தராசில் தொடங்கி பைப்படி வரைக்கும் வரிசை. நடந்தது இதுதான். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெருமாளுக்கு நான் போன் பண்ணி, அருள் குடும்பத்தைப் பத்து மணிக்கு ஆபீஸில் இருக்கச் சொல்லுங்கள், ரத்தம் எடுக்க வருகிறேன் என்றிருந்தேன். அவர் அருளுக்கு ரத்தம் வேண்டுமாம் என்று எடுத்துக்கொண்டு, ஆள் கூப்பிடுகிற மணியை அடித்துவிட்டார். அந்த மணி அடித்தால் காய்ச்சலில் கிடப்பவர் கூட எழுந்து வருவார். வந்தவர் பெயரை எல்லாம் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் எழுதியும் வைத்துவிட்டார்.

“வாங்க நர்சம்மா! ஒரு ஆளு பாக்கி இல்லீங்க. வெறும் வயித்தோட நிக்கறாங்க” என்றார் பெருமையாக.

“நான் நர்ஸ் இல்லீங்க. எனக்கு மூணு பேர்தான் வேணும்.”

அவர் முகம் விழுந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. முதலில் எல்லோரையும் சாப்பிடச் சொன்னேன். யாரும் நகரவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெண் கையை நீட்டியபடியே கேட்டார்: “ஏனுங்க, எங்க ரத்தம் ஆவாதுங்களா? நாங்களும் அவங்களும் ஒரே பைப்புத் தண்ணிதானுங்களே குடிக்கறம்?”

ஆகும், ரத்தம் ஆகும், மஜ்ஜைதான் பொருந்தாது என்று வராந்தாப் படியில் நின்று கால் மணி நேரம் விளக்கினேன். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது, அந்த இரண்டு பாதியும் அப்படியே அமைந்த இன்னொரு ஆள் வேண்டும், அவர் அதே வயிற்றில் பிறந்தவராகத்தான் அநேகமாக இருப்பார் என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. கேட்டுவிட்டுச் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

பத்து பத்துக்கு ஆரம்பித்தேன். பழம் பறிக்கிற கையில் கறை ஏறியிருக்கும்; செல்வராஜின் முழங்கையை ஸ்பிரிட்டால் துடைக்க மூன்று பஞ்சு செலவானது. ஜெயமேரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே கையைக் கொடுத்தாள். அம்மா லூர்தம்மாவுக்கு நரம்பு பிடிபடவே நேரமானது. “உங்களுக்கு மொத்தம் மூணு பிள்ளைங்கதானே?” என்று வழக்கமான கேள்வியாகக் கேட்டேன். “எடுங்கம்மா” என்று முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசிப் பயம் என்று நினைத்தேன்.

பதினொன்று இருபதுக்குக் குழாய்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மொபெட் மேட்டில் முக்கிக்கொண்டு வந்தது. ஓட்டியவள் இருபத்து நாலு வயதுப் பெண், ரோசி. வெள்ளக்கடை என்கிற பக்கத்து ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். பின்னால் அவள் அம்மா அந்தோணியம்மா. லூர்தம்மாவுக்கு இவர் சொந்த அக்கா. பஸ் கண்டக்டர் சொல்லிச் செய்தி எட்டியிருக்கிறது. அந்தோணியம்மா வண்டி நிற்பதற்குள் இறங்கி, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, இவ கையிலயும் எடுங்க.”

“அக்கா மக்க, தங்கச்சி மக்க எல்லாம் பொருந்தாதுங்கம்மா” என்றேன், அறுபத்து நாலாவது தடவையாக.

“அக்கா மக இல்லீங்க. இவளும் லூர்து வயித்துல பொறந்தவதான். எனக்குப் புள்ள இல்லீன்னு நாப்பது நாள்ல தூக்கிக் குடுத்தாங்க.”

லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “அக்கா! மாதா முன்னால சத்தியம் பண்ணியிருக்கறன். என் புள்ளன்னு சொல்லமாட்டன்னு.”

“அந்தச் சத்தியத்த வாங்குனவ நானு. நானே உட்டுட்டன். போதுமா?”

சொல்லிவிட்டு அந்தோணியம்மா ரோசியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். இருபத்து நாலு வருஷம் வளர்த்த மகள் இந்த நிமிஷத்தோடு போய்விடுவாளோ என்கிற பயம் அதில் அப்படியே தெரிந்தது. “கண்ணு, கோவிச்சுக்காத” என்றார்.

ரோசி சிரித்துவிட்டாள். “அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்பவே தெரியுமும்மா. பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளும் சொல்லுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் மனசு சங்கடமாயிருமேன்னு நான்தான் வாயத் தொறக்கலை.”

“நாங்களும் அதுக்குத்தானுங்க” என்றார் ரைட்டர் பெருமாள், மஸ்டர் ரோலை மூடியபடி. அறுபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு மலையே சேர்ந்து ஒரு பெண்ணிடமிருந்து மறைத்த விஷயத்தை, அந்தப் பெண் அந்த மலையிடமிருந்து மறைத்திருக்கிறாள்! அக்கா தங்கை இருவரும் கட்டிப் பிடித்து அழுததில் எனக்கும் கண் கலங்கி ஊசி தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கூடுதல் குழாய் இரண்டிலும் ரோசியின் ரத்தத்தை எடுத்தேன். லேபிளில் உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று எழுதினேன். அதற்கு முன் ரோசி அருகருகே நின்ற இரண்டு அம்மாக்களையும் பார்த்துச் சம்மதம் வாங்கிக்கொண்டாள்.

இதற்குள் பஸ் போய்விட்டது. ரைட்டர் எஸ்டேட் ஜீப்பை எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பி, குப்பனூர் வழியாக இறங்கினோம். ஏற்காட்டுக்கு இரண்டாவது பாதை அது. குறுகல், ஆனால் கூட்டம் இல்லை. குழாய்களை ஸ்வெட்டரில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். குப்பனூரில் டிரைவர் மாதேஸ் வண்டியை ஓரம் கட்டி, “ஒரு நிமிசமுங்க, ஐஸ் வாங்கியாந்தர்றன்” என்று இறங்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

“மீனுக்கே ஐஸு போடறாங்க. இது மனுச ரத்தமாச்சுங்களே?” என்றார் பாவம், நிஜமான அக்கறையோடு.

“மீன் செத்துப் போச்சுங்க. இது உயிரோட போகணும்.”

அதன் பிறகு அவர் ஒரு பள்ளம் விடாமல் மெதுவாக இறக்கி ஓட்டினார். இரண்டு மணிக்கு ஜங்ஷன், இரண்டு முப்பத்தைந்துக்கு ரயில். மறுநாள் காலை ஏழரைக்குக் குழாய்கள் லேப் மேஜையில் இருந்தன. முதல் குழாய் எடுத்து இருபத்தொரு மணி இருபது நிமிஷம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. செல்வராஜ் பாதி. ஜெயமேரி சுத்தமாக இல்லை. ரோசி, பார்த்த அத்தனையிலும் பொருத்தம். நான் லேபில் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. சவரிமுத்துவிடம் போய் முதலில் சண்டைதான் போட்டேன். மகன் உயிர் ஊசலாடும்போது கூட எப்படி ஐயா இரண்டு என்று எழுத மனசு வந்தது? “குடுத்த புள்ளைய நம்ம கணக்குல எண்ணுனா அது அவங்க ஊட்டுல தங்காதுன்னு பயமுங்க” என்றார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிப்ரவரியில் ரோசியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அருளுக்கு ஏற்றினோம். பார்ப்பதற்கு இன்னொரு ரத்தப் பை, அவ்வளவுதான். இருபத்தொன்றாம் நாள் அவனுடைய வெள்ளணு ஏற ஆரம்பித்தது. ஏப்ரலில் அவன் தன் காலால் நடந்து ரயில் ஏறினான்.

இனி, போகிறவர்களுக்கு. பழம் சிவந்த எஸ்டேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர்தான் சரி. ஸ்வெட்டர் கட்டாயம். வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது சேலம் பாதை, இறங்கும்போது குப்பனூர் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்க்கலாம். நான் சொன்ன கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள், அது அந்தக் காலம். என் போல வேலையாக வருகிறவர்களுக்கு இன்னொன்று: படிவத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், கூடுதலாக இரண்டு குழாய் எடுத்துப் போங்கள். இன்று கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்தாலே போதும், முன்பின் தெரியாத யாருக்காவது பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். கையை நீட்டியபடி நின்ற அந்த அறுபத்து மூன்று பேரையும் இன்றைக்கென்றால் நான் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் பெயர் கொடுங்கள்.

மறு வருஷக் கிறிஸ்துமஸுக்கு மறுபடி அந்த மலை ஏறினேன், இந்தத் தடவை விருந்தாளியாக. பதினாலாவது வளைவில் அதேதான். ரைட்டர் மணி அடித்தார். அறுபத்து மூன்று பேரும் வந்தார்கள், இந்த முறை பிரியாணிக்கு. அருள் பழ மூட்டை தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். மஜ்ஜை மாறினால் ரத்த வகையும் மாறும், அவன் பி பாசிட்டிவ் இனி இல்லை, ரோசியின் ஓ பாசிட்டிவ் என்று நான் சொன்னதும் ரைட்டர் உடனே அவனுடைய எஸ்டேட் அட்டையை வாங்கித் திருத்தினார். அந்தோணியம்மா மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ள இரண்டு தடவை கேட்டார். பிறகு தங்கையின் தோளில் கை போட்டு, பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார்:

“பாத்துக்க லூர்து. நீ குடுத்த புள்ளைய நான் திருப்பித் தரலை. இப்ப உன்ற பையனும் எங்க ஊட்டு ரத்தமாயிட்டான்.”