தவிட்டுப்பழக் கறை

கன்னிவாடியிலிருந்து கூக்காலுக்கு வாக்கப்பட்டுப் போன புதிதில், அந்த மலையில் என்னிடம் பிரியமாக இருந்தது ஒரு செடி மட்டும்தான். கூட்டிச் சொல்லவில்லை.

தவிட்டுப்பழச் செடி. சோலைக்காடு முடிந்து புல்மேடு தொடங்குகிற இடத்தில் புதர் புதராக நிற்கும். பனியும் காற்றும் போட்டு அடிக்கிற சரிவில் மற்றதெல்லாம் தரையோடு படுத்துக் கிடக்க, இது இடுப்பளவு வளர்ந்து ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். இலையின் அடிப்பக்கம் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்றிருக்கும். மழை பிடித்ததும் பழங்கள் கருநீலமாகப் பழுத்துவிடும்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று மாமியார் என் சோற்றைப் பாதியாக்கியிருந்தார். பாதி என்பதே மரியாதைக்குச் சொல்வது. பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும். விறகு பொறுக்கப் போகிற சாக்கில் அந்தப் புதரடியில் உட்கார்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் தோலோடு தின்றேன்.

வாசலிலேயே மாமியார் மறித்தார்.

"நாக்க நீட்டுடி."

நீட்டினேன். ஊதாக் கறை அப்பியிருந்தது.

"கருப்புப் பழத்தத் தின்னா புள்ள கரிக்கட்டையாப் பொறக்கும்னு எத்தன தடவ சொல்றது? ராத்திரி இவளுக்குச் சோறு கெடையாது."

அவர் நிறத்துக்கு எந்தப் பழம் காரணம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மகனிடம் திரும்பினார்.

"ஏலே, வெள்ளனே போயி அந்தச் செடிய வெட்டிப் போட்டுட்டு வா."

என் கணவர் அப்போதே அரிவாளைத் தீட்டி வைத்தார். மறுநாள் என்னையும் கூட்டிப் போய், காயும் பழமுமாக நின்றதைத் தூரோடு வெட்டினார். வெட்டிய கிளைகளை விறகுக்கென்று கட்டி என் தலையிலேயே ஏற்றினார். வழியெல்லாம் பழம் உதிர்ந்தது. சுமையோடு என்னால் குனிய முடியவில்லை. அந்த மனுஷனை அதற்காக இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மேலே இன்னும் புதர்கள் இருந்தன. அந்த வயிற்றோடு அவ்வளவு தூரம் ஏற என்னால் ஆகவில்லை.

பெண் பிள்ளை பிறந்தாள். நல்ல சிவப்பு. அணில்குஞ்சு மாதிரி இருந்தாள். மார்பில் வைத்தால் பாலை உறிஞ்சத் தெம்பில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ள செவப்பாத்தான் பொறந்துச்சு. பிரசவமும் சுளுவா ஆச்சு. இவளுக்கு நான் என்ன கொறை வச்சேன், சொல்லுங்க?"

ஒரு கொறையும் இல்லைங்க என்றார்கள்.