கோப்பாயில் ஒரு ஜேர்மன் பாடம்

கோப்பாயில் ஒரு வளவுக்குள்ளிருந்து ஜேர்மன் மொழி கேட்கிறது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போகிறேன். ஜேர்மனியில் ஜேர்மானிய மொழிகளைத்தான் பட்டத்துக்குப் படிக்கிறேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், போர்த்தடையால் மின்சாரமும் பற்றறியும் இல்லாத ஊரில், இதை எதிர்பார்க்கவில்லை.

கிணற்றடியில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. தோட்டத்து மண் ஒட்டிய கையால் ஒருவர் பெடலைச் சுற்றுகிறார். டைனமோவின் மின்சாரத்தில் கசெற் ரெக்கோடர் பேசுகிறது. அவருடைய மகள் ஒவ்வொரு வசனத்தையும் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள்.

“எனக்கு ஒண்டும் விளங்காது, தம்பி,” என்கிறார் அவர். “ஆனா நான் சுத்தாமல் கை ஆறினால் கசெற்றுக்குள்ளை உந்த மனிசன் சாகப்போற மாதிரிக் கதைக்கிறார்.”

நான் படிக்கும் படிப்பைச் சொல்கிறேன். மகள் ரெக்கோடரை நிறுத்துகிறாள்.

“ஜேர்மன், டச்சு எல்லாத்தையும் சேர்த்துக் கம்பஸிலை படிக்கலாமோ, அண்ணை?”

“ஓம், படிக்கலாம்.”

“எத்தனை வருசம்?” தகப்பன் கேட்கிறார்.

“அஞ்சு வருசமாவது வேணும், ஐயா.”

பாதைகள் அடைபட்ட ஊரில் அதைச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் கட்டியிருக்கும் சாரத்தில் வியர்வையைத் துடைக்கிறார்.

“பரவாயில்லை. சுத்துவம்,” என்று பெடலைப் பிடிக்கிறார்.