திங்கட்கிழமை முட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குச் சாப்பாட்டு ஆராய்ச்சி செய்ய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மிட்வைஃப் மிஸ் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டதுதான் முதல் கோளாறு. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வருவார்கள், பிள்ளைகளின் நிறை பார்ப்பார்கள், முதல்நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று தாய்மாரிடம் கேட்பார்கள், சாப்பாட்டில் குறை இருந்தால் பிள்ளைக்காம்பராவில் பகல் சாப்பாடு போட ஏற்பாடு நடக்கும் என்றார்.

பிள்ளைக்காம்பரா என்பது நாங்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். என் மகளும் அங்கேதான் இருந்தாள். நான்கு வயது. கிளினிக் கார்டில் அவளுடைய நிறைக்கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தது. காலையில் ரொட்டி, பகலுக்குக் காய்ந்துபோன அதே ரொட்டி, இரவில் சோறும் ஒரு கறியும். இதில் கோடு எங்கிருந்து ஏறும்? அந்தப் பகல் சாப்பாடு மட்டும் கிடைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரிடமும் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ரொட்டி என்றால் ரொட்டி, வெறும் தேயிலைச் சாயத்தண்ணி என்றால் வெறும் சாயத்தண்ணி, கூட்டிச் சொன்னால் நம் பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போதே பொரியல் வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு வீட்டில் நெத்தலி, அடுத்த வீட்டில் ராகலை டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கிய கோழி. தீபாவளிக்குக்கூட எல்லா அடுப்பும் இப்படி ஒன்றாக எரிந்து நான் பார்த்ததில்லை. வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் லயத்தில் இதுதான் வழக்கம். வாசலைக் கழுவுவோம், கயிற்றில் கிடக்கும் கிழிசலை உள்ளே எடுப்போம், பிள்ளைக்கு நல்ல சட்டையாகப் பார்த்துப் போடுவோம். நம்முடைய வெறும் சட்டி அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். என்னைவிட மூத்தவள். நல்ல மனசுக்காரி, அதனாலேயே அவளோடு முழுசாகச் சண்டை போடவும் முடியாது. முட்டையை அவிக்கப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான சொன்ன? அதான் ஆக்கிப் போட்டுட்டு உண்மையவே சொல்லப் போறோம். புள்ளைய பட்டினி போடுறவளுகன்னு எழுதிக்கிட்டுப் போகணுமா?"

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சோறும் பருப்பும் ஆக்கினேன். வீம்புக்குப் பருப்பைத் தாளிக்கக்கூட இல்லை.

மறுநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் சிங்களம், மற்றவர் தமிழில் கேட்டு எழுதுகிறவர். மரியாதையான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. என் மகளைத் தராசில் ஏற்றியதும் இருவர் முகமும் மாறியது. எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை வந்தது. நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி, இரவில் சோறும் பருப்பும் என்றேன்.

வாசலில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"முட்டையும் சாப்பிட்டா மிஸ். இவளுக்குத் தெரியாது."

நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் என் மகளைக் கூப்பிட்டு ஊட்டியிருக்கிறாள். தமிழ் மிஸ் குனிந்து மகளிடம் கேட்டார். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, முழு முட்டை என்று கையைக் குவித்துக் காட்டினாள். எழுதிக்கொண்டார்கள். தினமும் இல்லை மிஸ், நேற்று மட்டும்தான் என்றேன். நேற்றையதைத்தான் கேட்கிறோம் என்றார் தமிழ் மிஸ். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது எது தெரியுமா? அன்று எங்கள் லயத்தில் ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து மிட்வைஃப் மிஸ் முடிவைச் சொன்னார். பிள்ளைகள் மெலிந்துதான் இருக்கிறார்களாம். ஆனால் சாப்பாட்டில் குறை இல்லையாம். ஆகவே சமைப்பதிலும் கை கழுவுவதிலும் தாய்மாருக்குத்தான் விளக்கம் போதாதாம். பகல் சாப்பாடு வேறு தோட்டத்துக்குப் போனது. எங்களுக்கு வகுப்பு வந்தது.

வகுப்பை நடத்த வந்தவர் புதிய மிஸ். பிள்ளைக்காம்பராச் சுவரில் முட்டை, மீன், கீரை என்று படம் படமாக ஒட்டினார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக் காட்டுங்கள் என்றார். பைப்பில் அன்று தண்ணீர் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாக எழுந்து நின்றாள்.

"மிஸ், நாங்க அந்த ஒரு நாளைக்குத்தான் அப்புடி ஆக்குனோம்."

புதிய மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அடுத்த முறை வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்றார், மிக அன்பாக. அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த அன்பைப் பார்க்கவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தாள். மகள் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"நாளைக்கி யாரு வர்றாங்க பெரியம்மா?"