மூத்தவளாகப் போய் நின்றவள்

நியெலெத்தியை எங்கள் குடும்பத்துக்கு அழைத்துவந்தவள் நான். அவள் கதையைச் சொல்லும் உரிமை எனக்கு வந்தது அந்த ஒரு காரியத்தால்தான். வெட்கமும் அதனால்தான்.

அவள் மலமுலேலே பக்கத்துப் பெண், தையல்காரி. எங்கள் சோங்கா இனப் பெண்கள் ஆடும்போது இடுப்பில் குலுங்கும் மடிப்புப் பாவாடையை அவளைப்போலத் தைக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வாயும் கொஞ்சம் நீளம். என் தம்பி ரிசிமாட்டி தொலைவில் பிளாட்டினம் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஊரில் மனைவி மிஜாஜியும் மூன்று பிள்ளைகளும். விடுமுறையில் வந்தவன் மிஜாஜிக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கப் போய், மனதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். வெட்கங்கெட்டவன்.

இரண்டாவது மனைவி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் மூத்தவளிடம் சொல்லவேண்டும், அவளே போய் இளையவளை அழைத்துவரவேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் எந்தப் பெண் வீட்டாரும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். மிஜாஜியிடம் வாயைத் திறக்க ரிசிமாட்டிக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, நீ மிஜாஜியா வந்து நில்லு. அவங்க அவளைப் பாத்ததே இல்ல."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாடா?"

"ஒருநாள் கூத்துதான. அப்புறம் அவகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

தம்பி என்றால் எனக்கு உயிர். மிஜாஜியின் துணியையே கொடியிலிருந்து உருவித் தோளில் முடிந்துகொண்டு போனேன். அவர்கள் ஊற்றிய சோளக் கள்ளைக் குடித்தேன். நியெலெத்தி என் முன்னால் மண்டியிட்டு, "அக்கா, என்னை உங்க தங்கச்சியா வச்சுக்கோங்க" என்றாள். வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் பக்குவமாகவும் சொல்லவில்லை, பக்குவமில்லாமலும் சொல்லவில்லை. சுரங்க ஊரில் வீடு கட்டி அவளை அங்கே குடிவைத்தான். ஒன்பது வருடம், இரண்டு பெண் பிள்ளைகள். ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்வானாம். பிறகு நெஞ்சு நோய் வந்து செத்தான்.

சாவு வீட்டில் மிஜாஜி விதவைக்குப் போடும் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளோடு உள்ளே வந்த நியெலெத்தி, களி கிண்டிக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்தாள்.

"அக்கா, நீங்க ஏன் மெத்தையில உக்காரல? அங்க உக்காந்திருக்கிறது யாரு?"

அகப்பை கையிலேயே நின்றது. அவள் மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் செத்துப்போனது.

இரண்டாம் கல்யாணம் செல்லாது என்று மிஜாஜி வழக்குப் போட்டாள். நியெலெத்தி தோற்றால் அவளுக்கு வீடும் இல்லை, விதவை என்ற பெயரும் இல்லை. விசாரணை நாள் காலையில் நீதிமன்றப் படியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஜாஜி அக்கா அனுப்பித்தான் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மூத்தவளுக்கு முடியலன்னா நாத்தனார் போறது உண்டுதான? அது போதும் எனக்கு."

உள்ளே வக்கீல்கள் மோதிக்கொண்டார்கள். மிஜாஜியின் வக்கீல் ஒரு நெடிய பெண். "சொத்தில் பாதி இவருடையது. இவரைக் கேட்காமல் இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் இவருக்கு என்ன மரியாதை? இன்னொரு கல்யாணத்துக்கு முன் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதி, நீதிமன்றத்தின் ஒப்புதல் வாங்கச் சொல்கிறது சட்டம். அதையும் கணவர் செய்யவில்லை. ஆண் இரண்டு கட்டலாம், பெண் கட்டக்கூடாது என்பதே சமமில்லை. கேட்கவும் வேண்டாம் என்றால் மனைவி எதற்கு?"

நியெலெத்தியின் வக்கீல் எழுந்தார். "தப்புச் செய்தவர் செத்துவிட்டார். தண்டனை மட்டும் இந்தப் பெண்ணுக்கா? பெண் வீட்டுக்கு முறைப்படி மாடு கொடுத்து, அந்த ஊரறிய நடந்த கல்யாணம். சட்டம் கண்ணை மூடிக்கொண்டால் ஆண்கள் நிறுத்திவிடுவார்களா? இன்னும் வசதியாகச் சேர்த்துக்கொள்வார்கள், எவளுக்கும் பொறுப்பில்லாமல். ஏற்றுக்கொண்டால்தான் இவளைப் போன்றவளுக்குப் பாதுகாப்பு."

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினேன். நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெண் அழைக்கப் போனது யாரு?"

"நான்தாம்மா."

"யார் அனுப்பினாங்க?"

மிஜாஜி என்னை வெறித்துப் பார்த்தாள்; அதுவரை அவளுக்கு இது தெரியாது. நியெலெத்தி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பொய் போதும். ஆனால் மிஜாஜியின் பெயரை அவளுக்குத் தெரியாமல் ஒருமுறை எடுத்துக்கொண்டவள் நான். இரண்டாம் முறையும் எடுப்பதா? தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"தம்பி அனுப்பினான். மிஜாஜிக்கு எதுவும் தெரியாது. அவ துணியைத் திருடிக் கட்டிக்கிட்டுப் போனேன். இந்தப் பொண்ணுக்கும் எதுவும் தெரியாது."

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுக்கு, கல்யாணம் செல்லாது. "நியெலெத்தி ஏமாற்றப்பட்டவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருத்தி ஏமாந்ததை வைத்து இன்னொருத்தி சம்மதித்ததாகச் சொல்ல முடியாது" என்று நீதிபதியம்மா படித்தார். மிஜாஜி ஜெயித்தாள். என்னைக் கடந்துபோகும்போது, "இனி என் வாசப்பக்கம் வராதீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வெயிலில் நியெலெத்தி பிள்ளைகளோடும் தையல் மிஷினோடும் நின்றிருந்தாள். வீட்டைக் காலி செய்தே வந்திருக்கிறாள். கிட்டே வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைக் கூட்டிட்டு வந்தது நீங்கதான. தங்கச்சியா வச்சுக்கிறேன்னு சொன்னதும் நீங்கதான. உங்க வீடு எந்தப் பக்கம்?"

"நியெலெத்தி, நான்..."

"நடங்க. சாகுற வரைக்கும் உங்களை அக்கான்னுதான் கூப்பிடுவேன். கேட்டுக்கிட்டே கிடங்க."

தையல் மிஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, டாக்சி நிற்கும் இடத்துக்கு முன்னால் நடந்தேன்.