செம்போத்து இறங்காத பக்கம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காரோடு என்ற ஊரில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வாரமே, பின்புறம் முள்ளும் கொடியுமாக அடர்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்துப் பாம்பு இருக்கும் என்று தூக்கத்தைத் தொலைத்தேன். கணவரை நச்சரித்து ஜேசிபி வரவழைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி பஸ் கண்டக்டர், என்னைவிட இளையவள். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய நிலத்திலும் இதே காடுதான். "அக்கா, எல்லாத்தையும் வெட்டிக் களையாதீங்க. உள்ள செம்போத்து கூடு கெட்டியிருக்கு" என்றாள். ஒரு பறவைக்காகப் பாம்போடு குடித்தனம் நடத்த முடியுமா என்று கேட்டேன். தரை சுத்தமானதும் வரிசையாகக் குரோட்டன்ஸ் நட்டேன். பார்க்க ஆபீஸ் வாசல் மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

அடுத்த மழையில் நத்தைகள் வந்தன. கைமுட்டி அளவு ஆப்பிரிக்க நத்தைகள், இங்கே ஒச்சு என்பார்கள். சுவரில், பப்பாளியில், குழாயடியில், எங்கு பார்த்தாலும் அவைதான். தினமும் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போட்டேன், குறையவே இல்லை. ஒரு காலையில் துணி உலர்த்திவிட்டுத் திரும்பினால், என் இரண்டு வயது மகள் குழாயடியில் உட்கார்ந்து ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறாள். வாயோரம் பளபளவென்று நத்தையின் கோழை. நான் போட்ட கூச்சலில் அவளும் அழுதாள்.

இந்த நத்தையில் ஒரு புழு இருக்கலாம், அது மூளைவரை போகக்கூடும், எல்லோருக்கும் வருவதில்லை என்றார் டாக்டர். மூன்று வாரம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்தாலும், கழுத்து விறைத்துத் தலை குனிய முடியாமல் போனாலும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றிலிருந்து மணிக்கொரு தரம் "தொப்புள் எங்கே?" என்று கேட்டேன். அவள் மோவாய் நெஞ்சில் படக் குனிந்து, சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். எனக்கு மூச்சு வரும். அதுவும் அடுத்த மணிவரைதான்.

பயம் முற்றிக் கோபமாகிவிட்டது. வேலியோரம் போய், "உனக்க காட்டுல இருந்தாக்கும் இதெல்லாம் வருது" என்று கண்டக்டரிடம் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தாமல் என்னைப் புதருக்கடியில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே உடைந்த நத்தை ஓடுகள்தான் கிடந்தன. உயிருள்ள நத்தை ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"பெரிய ஒச்சைச் செம்போத்து தின்னும். குஞ்சு ஒச்சை மின்மினிக்க புழு தின்னும், அதுக்கு அழுகின இலை வேணும். செம்போத்துக்குக் கூடு கெட்ட முள்ளு வேணும். ஓரோண்ணுக்கும் ஓரோ ஜோலி உண்டு அக்கா. நீங்க நட்ட செடியில எது வந்து இருக்கும்?"

வேலிக்கு மேலாக என் குரோட்டன்ஸ் வரிசையைப் பார்த்தேன்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள் காலை, குழாயடியில் நின்று தொப்புள் எங்கே என்று கேட்டபோது மகள் குனியவில்லை. மறுபடி கேட்டேன். தலையை நிமிர்த்தியபடியே அசையாமல் நின்றாள். கழுத்தைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டு மேலே காட்டினாள்.

வேலிக்கல்லின் மேல் செம்போத்து உட்கார்ந்திருந்தது. சிவந்த கண்ணால் எங்கள் பக்கத்தைப் பார்த்தது. குழாயடியில் அன்றும் நான்கு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். இறங்கினால் பதுங்க இங்கே ஒரு புதர்கூட இல்லை. அது திரும்பிக் கண்டக்டர் பக்கமே பறந்துவிட்டது.

"தொப்புள் எங்கே?" என்றேன். மகள் குனிந்து காட்டினாள்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் குரோட்டன்ஸைப் பிடுங்க ஆரம்பித்தேன். அன்று முழுவதும் அவளைத் தரையில் இறக்கவில்லை.