நூற்று எழுபது மைல் எங்கே போனது?

என் மகள் வயிற்றுப் பேரன் திருப்பதிக் கல்லூரியில் பி.ஏ. முதல் வகுப்பு. அவன் தம்பி சித்தூர் ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் வெள்ளிக் கோப்பை. அவர்கள் தங்கை நகரிப் பள்ளிக்கூடத்தில் தமிழிலும் முதல், தெலுங்கிலும் முதல். என் மகன் ஐதராபாத் செக்ரடேரியட்டில் ஆபீசர். ஐந்தாவது மட்டும் படித்த நான் விமானம் ஏறினேன் என்றால், அது அவனுடைய பெண் குழந்தைக்காகத்தான்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவைப் பெற்றவள்தான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். என் தாயாரின் பெயரான வள்ளியம்மாளை மனசுக்குள் வைத்துக் காத்திருந்தேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெயர் வைப்பதாகக் கடிதம் வந்ததோ செவ்வாய்க்கிழமை. ரயிலில் போனால் வியாழன் சாயங்காலம்தான் சேரலாம். மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா குப்பம் ஊரிலிருந்து வந்து பத்து நாளாக அங்கேயே இருக்கிறார். நான் போய்ச் சேராவிட்டால் அவர்தான் பெயர் சொல்வார். கடிதம் தானாகப் பிந்தியதா, பிந்த வைத்தார்களா?

புதன்கிழமை நகரியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் அறுபது மைல், மூன்றரை மணி நேரம். அங்கே வேலை பார்க்கும் மருமகன் என் தந்தியைப் பார்த்து எழுபத்தெட்டு ரூபாய்க்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் காலை மீனம்பாக்கத்தில் பெட்டியோடு என்னையும் தராசில் நிறுத்தினார்கள். எதற்கு என்று கேட்டால் நேரான பதில் இல்லை.

எட்டேகாலுக்கு விமானம் கிளம்பியது. இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அவர்கள் கடிகாரத்தை நம்பி நான் ஏறவில்லை. மடியில் பஞ்சு கொண்டுபோயிருந்தேன். விளக்குத் திரி திரித்தால் எனக்கு மணிக்கு நூறு, கூடாது, குறையாது.

பக்கத்தில் திருப்பதி ஜவுளிக்காரர் ஒருவர். "இன்னா ஆயா, திரி சாமிக்கா?" என்றார்.

"இல்ல நைனா, கெடியாரத்துக்கு. ரயில்ல நானூத்தித் தொண்ணூறு மைலாம், இதுல முந்நூத்தி இருவதாம். மீதி நூத்தி எழுவது மைல எவன் துன்னான்?"

"ரயிலு வளைஞ்சி வளைஞ்சி போவுது ஆயா. இது நேரா போய்க்கினு கீது."

"எல்லைக் கோடு போட்டவனும் நேருன்னுதான் சொன்னான். எங்கக்கா வூடு திருத்தணி, முன்ன ரெண்டு ஊரும் ஒரே ஜில்லா. இப்ப அவ மெட்ராசு, நான் ஆந்திரா."

அவர் சிரித்துவிட்டு இடப்பக்க ஜன்னலைக் காட்டினார். "தோ, நம்ம ஏழுமலை." தூரத்தில் நீலமாக ஒரு வரிசை. எனக்கு முப்பது திரிகூட முடியவில்லை. ரயிலில் அது நாலு மணி நேரப் பாதை. எந்த மலையைக் காட்டினாலும் நாம் நம்ப வேண்டியதுதானே? இருந்தாலும் கும்பிட்டுக்கொண்டேன்.

சக்கரம் தரையில் பட்டதும் திரிகளை எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பதினொன்றேகாலுக்கு மகன் வீட்டு வாசலில் இறங்கினால், சம்பந்தியம்மா குழந்தையோடு எதிரே நிற்கிறார். "வாங்க சம்மந்தி! நேரமாவுது, நீயே சொல்லுன்னாங்க எல்லாரும். நான் வாயத் தொறக்கலியே!"

குழந்தையை வாங்கி மூன்று தரமும் சொன்னேன். கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தவன் என் ஆபீசர் மகன் என்று பிறகுதான் தெரிந்தது.

விமானத்தில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். காதுக்கும் கொஞ்சம் பஞ்சு வேண்டும்.

மகனே, இதைப் படித்தால் ஒன்று செய். நீ அனுப்பிய படத்தில் குழந்தையின் காது தெரிகிறது, என் வாய் தெரியவில்லை. சம்பந்தியம்மாவின் தோள் மறைக்கிறது. தெரியாமல்தான் நின்றிருப்பார். ஆனாலும் வேறு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.